பாஸ்தாவும் பதமும்: ‘ஒட்டாமல் இருக்க’ எழுதப்படும் குறிப்புகள் பற்றி

தமிழில் எந்த பாஸ்தா குறிப்பை எடுத்தாலும் மூன்று வரிகள் மாறாமல் வரும். பாத்திரம் நிறையத் தண்ணீர் வையுங்கள். அது கொதிக்கும்போது ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். வெந்ததும் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். இப்படிச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டாது, உதிரி உதிரியாக வரும். வார இதழ் இணைப்பு, பாக்கெட்டின் பின்பக்கம், யூடியூப் என்று எங்கே பார்த்தாலும் இதேதான். எழுதுபவர் மாறுகிறார், மூன்று வரி மாறுவதில்லை.

மூன்றையும் ஒழுங்காகச் செய்த பிறகும் பாஸ்தா கட்டியாகிறது. அப்போது என்ன நடக்கிறது? குறிப்பு தப்பு என்று யாரும் சொல்வதில்லை. “உனக்குக் கைப்பக்குவம் பத்தல” என்றுதான் சொல்கிறார்கள். எழுதியவர் தப்பித்துவிடுகிறார், அடுப்படியில் நிற்பவர் மாட்டிக்கொள்கிறார். அதனால்தான் இந்த மூன்று வரிகளையும் ஒரு விமர்சகனாக எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு கதையை, கட்டுரையைப் படிக்கிற மாதிரி ஒரு சமையல் குறிப்பையும் படிக்கலாம். அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்கலாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒன்று பாதி உண்மை. ஒன்று சரியான பொருளைத் தவறான நேரத்தில் சேர்க்கச் சொல்கிறது. ஒன்று சில சமையலுக்கு மட்டும் பொருந்தும். உண்மையில் ஒட்டாமல் காப்பாற்றும் வேலையோ இந்த மூன்றிலும் இல்லை.

ஒட்டுவது எது?

நான் இருப்பது லால்பேட்டையில். வீராணம் ஏரிக்கரை ஊர். சுற்றிலும் நெல், நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால். மாவுச்சத்து எப்போது ஒட்டும், எப்போது ஒட்டாது என்பது இந்தப் பக்கத்து அடுப்படிகளுக்குப் புதிய விஷயமே இல்லை.

ரமலான் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசிதான். தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்காக ஒதுக்குவதும் பச்சரிசியே. அது சீக்கிரம் குழையும், மாவைத் தண்ணீருக்குள் விடும், கஞ்சி கெட்டிப்படும். அன்றாடச் சோற்றுக்கு வேண்டியது வேறு குணம் என்பதால் அங்கே புழுங்கல் வருகிறது. நெல்லை உமியோடு அவிக்கும்போதே உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஒரு தடவை வெந்து, காயும்போது இறுகிவிடுகிறது. அதனால் மறுபடி வேகவைக்கும்போது அவ்வளவு எளிதாக வெளியே வராது, சோறு உதிரியாக நிற்கிறது. வடித்து தம் போடும் பிரியாணியில் அரிசியைக் களைந்து, ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, வடித்து, பிறகுதான் மசாலாவோடு சேர்க்கிறார்கள். பழைய அரிசியாக இருந்தால் இன்னும் நல்லது.

கஞ்சியில் மாவு வெளியே வரணும், பிரியாணியில் வரக் கூடாது. ஒட்டுவது என்பது குறை இல்லை, ஒரு குணம். அது எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதுதான் கேள்வி.

பாஸ்தாவிலும் இதே கதைதான். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் மேற்பரப்பில் இருக்கும் மாவுத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. கோதுமை மாவுச்சத்து 55 முதல் 65 டிகிரிக்குள்ளேயே வெந்து கூழாகத் தொடங்கிவிடும். அதாவது போட்ட ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் மெல்லிய பசை படிந்துவிடுகிறது. சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசை நமக்குத் தெரியாததா? அதுவேதான் இதுவும். அந்த நேரத்தில் இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தால், அப்படியே ஒட்டி வெந்து ஒரே துண்டாகிவிடும். இன்னும் சில நிமிடம் போனால் அந்தப் பசையில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும், ஆபத்து குறையும். பிறகு வடித்து வைத்ததும் மேலே மிஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகி, பசை ஆறி, மறுபடி இறுகும். அது இரண்டாவது ஆபத்து.

ஆபத்தான நேரம் இரண்டுதான்: போட்ட முதல் இரண்டு நிமிடம், வடித்த பிறகு வரும் சில நிமிடம். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வரிகளுக்கு வருவோம்.

முதல் வரி: நிறையத் தண்ணீர்

நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு. இது இத்தாலியிலிருந்து வந்த கணக்கு. நிறையத் தண்ணீர் இருந்தால் பசை நீர்த்துப்போகும், துண்டுகளுக்கு இடம் கிடைக்கும் என்பது உண்மை. அதனால்தான் பாதி உண்மை என்றேன். ஆனால் கட்டாயமா?

சமையலின் அறிவியலைப் பற்றி எழுதும் ஹெரால்ட் மெக்கீ 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதே கேள்வியைக் கேட்டார். சுமார் 450 கிராம் பாஸ்தாவை வெறும் ஒன்றரை லிட்டர் அளவுத் தண்ணீரில், அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றினார். அவ்வப்போது கிளறிக்கொண்டே இருந்தார். நன்றாக வந்தது. கூடவே கெட்டியான, மாவு நிறைந்த தண்ணீரும் கிடைத்தது, சாஸுக்கு அது அருமையான சேர்மானம்.

நம்ம வீட்டுக் கணக்குக்கு இதைக் கொண்டு வரலாம். 30 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, அடுப்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 50 கிராம் எரிவாயு எரியும். ஒன்றரை லிட்டருக்கு சுமார் 16 கிராம் போதும். அரைக் கிலோ பாஸ்தாவுக்காக மூன்று மடங்கு எரிவாயுவை எரித்து, கடைசியில் மூன்று நான்கு லிட்டர் வெந்நீரைச் சாக்கடையில் கொட்டச் சொல்வதற்கு வலுவான காரணம் வேண்டும். குறிப்புகள் அந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. தண்ணீரைக் குறைத்தால் என்ன செய்யணும் என்பதையும் சொல்வதில்லை. பதில் ரொம்ப எளிது: கூடுதலாகக் கிளறணும், அவ்வளவுதான்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புப் போட்டால் ஒட்டாது என்றும் சிலர் எழுதுகிறார்கள். லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு தண்ணீரின் கொதிநிலையைக் கால் டிகிரிகூட ஏற்றாது. உப்பு ருசிக்கு, ஒட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது வரி: கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய்

மூன்றில் இதுதான் பிரபலம், பலவீனமானதும் இதுதான். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். பாஸ்தா கீழே கிடக்கும். ஒட்டிக்கொள்ளும் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் இரண்டும் சந்திப்பதே இல்லை. எண்ணெய் செய்யும் ஒரே நல்ல வேலை, நுரை பொங்கி அடுப்பில் வழிவதைக் குறைப்பது. வடிக்கும்போது கொஞ்சம் எண்ணெய் பாஸ்தாவின் மேல் படியும், ஆனால் அதற்குள் ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பாத்திரத்தில் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு மக்ரோனி. ஒன்றில் எண்ணெய் விட்டுக் கிளறாமல் விடுங்கள். இன்னொன்றில் எண்ணெய் இல்லாமல் முதல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். எது உதிரியாக இருக்கிறது என்று கரண்டியே சொல்லும்.

அப்படியென்றால் எண்ணெய் ஒட்டுவதைத் தடுக்காதா? தடுக்கும், சரியான நேரத்தில் வந்தால். சேமியா உப்புமா செய்யும் எவருக்கும் இது தெரியும். சேமியாவை முதலில் நெய்யிலோ எண்ணெயிலோ பொன்னிறமாக வறுக்கிறோம். அப்போது அது காய்ந்திருக்கிறது, தண்ணீரைப் பார்க்கவில்லை. கொழுப்பு ஒவ்வொரு இழையின் மேலும் நேராகப் படிகிறது. வறுபடும்போது மேற்பரப்பு மாவின் பசைத்தன்மையும் குறைகிறது. அதன் பிறகு அளவுத் தண்ணீர் ஊற்றினால் உதிரியாக வருகிறது. ஸ்பெயினில் குட்டை இழைகளை எண்ணெயில் வறுத்துச் செய்யும் ஃபிதேவாவும், அரபு நாடுகளில் சேமியாவை வறுத்து அரிசியோடு வேகவைப்பதும் இதே முறைதான். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்தச் சோற்றைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இன்னொரு உதாரணம் புளியோதரை. சோற்றை வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைக்கிறோம். ஒன்றில் எண்ணெய் தண்ணீருக்கு முன்னால் வருகிறது, இன்னொன்றில் தண்ணீர் போன பிறகு வருகிறது. தண்ணீருக்குள் எண்ணெய் விடும் வழக்கம் நம்ம சமையலில் பாஸ்தாவோடுதான் இவ்வளவு பரவியிருக்கிறது. சேமியாவும் புளியோதரையும் தெரிந்த ஒரு மொழியில் இந்த வரியை யோசிக்காமல் எழுதிக்கொண்டே போவதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்றாவது வரி: பச்சைத் தண்ணீரில் அலசுவது

இது வேலை செய்யும். பசையைக் கழுவிவிட்டால் ஒட்டாதுதான். ஆனால் கஞ்சியில் நாம் தேடுகிற அதே பசைதான் சாஸைப் பாஸ்தாவோடு சேர்த்துப் பிடிக்கிறது. அதைக் கழுவிக் கொட்டினால் தக்காளி மசாலா தட்டில் தனியாகவும் பாஸ்தா தனியாகவும் நிற்கும். சூடான பாஸ்தாவை ஆறவைத்து, பிறகு மறுபடி வாணலியில் சூடு பண்ணுவதும் இரட்டை வேலை.

அலசுவது சரியாகும் இடங்கள் உண்டு. காய்கறியோடு குளிரவைத்துச் சாப்பிடும் சாலட்டுக்கு அலசத்தான் வேண்டும். நூடுல்ஸை வேகவைத்து, பெரிய தீயில் புரட்டி எடுக்கும் தள்ளுவண்டிக் கடைக்காரருக்கும் அது சரி. அவருக்கு வேண்டியது உதிரி, சாஸ் பிடிப்பு இல்லை. தமிழ்நாட்டில் பாஸ்தா பரவுவதற்கு முன்பே நூடுல்ஸ் வந்துவிட்டது. இந்த வரி அங்கிருந்து இங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

மாகி 1983-இல் இந்தியாவுக்கு வந்தது. அந்த வகை நூடுல்ஸைத் தொழிற்சாலையிலேயே ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து அனுப்புகிறார்கள். மாவு ஏற்கெனவே வெந்தது, எண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதனால் அது வீட்டில் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. அதைப் பழகிய கை காய்ந்த பாஸ்தாவையும் அதேபோல எதிர்பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு பொருள் என்று எந்தக் குறிப்பும் சொல்வதில்லை.

எழுதப்படாத வரிகள்

முதலில், கிளறுவது. போட்டதும் இரண்டு நிமிடம் அடியிலிருந்து கிளறுங்கள். அதன் பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை போதும். ஒட்டாமல் காப்பது இந்த ஒரு வேலைதான். குறிப்புகளில் இது வந்தாலும் ‘அவ்வப்போது கிளறவும்’ என்று கடைசியில் ஒரு ஓரமாக வரும். எப்போது, ஏன் என்பது இருக்காது. குழல் வடிவத்தைவிட நீளமான ஸ்பெகட்டிக்கு இது இன்னும் முக்கியம். இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்வதால் தொடும் பரப்பு அதிகம்.

அடுத்தது, பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பது. டியூரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தாவில் குளூட்டன் என்ற புரதம் வலை மாதிரி நின்று மாவை உள்ளே பிடித்துவைக்கும். மைதாவில் செய்த மலிவு மக்ரோனியில் அந்தப் பிடிப்பு குறைவு, மாவு அதிகம் வெளியேறும், சீக்கிரம் குழையும். ஒரே குறிப்பை வைத்து ஒரு வீட்டில் நன்றாக வருவதும் இன்னொரு வீட்டில் கட்டியாவதும் பல நேரம் இதனால்தான், கைப்பக்குவத்தால் இல்லை. வாங்கும்போது மூலப்பொருள் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று பாருங்கள். மைதா என்றால் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

இதற்கு அல் டென்டே என்ற இத்தாலியச் சொல்லைத் தேடிப் போகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லும் மொழியில் பதம் என்ற சொல் எங்கே போனது? ‘நடுவில் லேசாக நறுக்கென்று இருக்கும் பதம்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

மூன்றாவது ஒரு கேள்வி: எப்போது சாப்பிடப் போறீங்க? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இத்தாலியக் குறிப்பு வடித்த நிமிடத்திலேயே சாப்பிடும் ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம்ம வீடுகளில் பாஸ்தா பெரும்பாலும் காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸில் ஏறி, மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுகிறது. அல்லது அஸருக்குப் பிறகு செய்து, நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்து சாப்பிடப்படுகிறது. இடையில் இருக்கும் அந்த நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆறிய மாவுச்சத்து இறுகிக் கட்டியாகும், அது அதன் இயல்பு. பாதிகூடக் காலியாகாமல் பாக்ஸ் திரும்பி வந்தால் அதற்குக் காரணம் சமைத்தவர் இல்லை, அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காத குறிப்பு.

ஏன் இப்படி எழுதப்படுகின்றன?

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வந்தது. பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாத பெண்ணும் தனியாகச் செய்து பார்க்கும்படி அளவும் முறையும் எழுதிய புத்தகம் என்பதால்தான் தலைமுறை தாண்டி நின்றது. அதைப் படித்தவர்களுக்கு ஒரு முதல் இருந்தது: சோறு வடிப்பதையும் பாகு எடுப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள். காரணத்தை எழுதாவிட்டாலும் கை ஊகித்துக்கொள்ளும். பாஸ்தாவை யாரும் வீட்டில் பார்த்து வளரவில்லை. அங்கேதான் காரணத்தை எழுத வேண்டியது கட்டாயமாகிறது, அங்கேதான் அது விடுபட்டும் போகிறது.

இன்னொன்று, பாஸ்தா என்றாலே நமக்குச் சம்பந்தமில்லாத அயல் பண்டம், அதன் விதிகளை அப்படியே ஏற்கணும் என்ற தயக்கம். அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீஸி 1154-இல் எழுதிய நூலில், சிசிலித் தீவின் திராபியாவில் இத்ரியா என்ற இழை உணவு பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்குப் போனதைப் பதிவு செய்திருக்கிறார். போன இடத்திலெல்லாம் அந்தந்த ஊர் அடுப்புக்கு ஏற்ப அது மாறியிருக்கிறது. நம்ம அடுப்புக்கு ஏற்பவும் மாறலாம்.

எழுதினால் எப்படி இருக்கும்?

உடனே சாப்பிட: 250 கிராம் பாஸ்தா, ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் உப்பு. கொதித்ததும் போட்டு இரண்டு நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். நறுக்குப் பதத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு வடியுங்கள். அலச வேண்டாம். சாஸ் ஏற்கெனவே வாணலியில் தயாராக இருக்கட்டும். பாஸ்தாவை நேராக அதில் கொட்டி, எடுத்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒரு நிமிடம் புரட்டுங்கள்.

டிபன் பாக்ஸுக்கு: ஒரு நிமிடம் முன்னதாகவே வடியுங்கள். தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசிறி, ஆவி போகவிடுங்கள், புளியோதரைக்குச் செய்வது மாதிரியே. சாஸ் வழக்கத்தைவிடத் தளர்வாக இருக்கட்டும். மதியத்துக்குள் பாஸ்தா அதைக் குடித்துவிடும்.

நோன்பு திறக்கக் கூட்டத்துக்குச் செய்ய: பிரியாணி அரிசி மாதிரி முக்கால் பதத்தில் வடித்து, எண்ணெய் பிசிறிப் பரப்பி வையுங்கள். பரிமாறும் நேரத்தில் கொதிக்கும் சாஸில் போட்டு, வெந்நீர் தெளித்து, மிச்சம் கால் பதத்தை அங்கே வேகவிடுங்கள்.

மூன்று முறையிலும் புதிதாக எதுவும் இல்லை. வடிக்கிற சோறு, வறுக்கிற சேமியா, ஆறப்போடுகிற புளியோதரை, முக்கால் பதப் பிரியாணி எல்லாம் இதே அடுப்படியில்தான் இருக்கின்றன. அடுத்த தடவை பாஸ்தா கட்டியானால், கையைக் குறை சொல்வதற்கு முன் குறிப்பை எடுத்து இன்னொரு தடவை படியுங்கள். அதில் ‘ஏன்’ இருக்கிறதா, ‘எப்போது’ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் திருத்த வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.